மொய் நோட்டில் ஒரு பெயர்

மனிதர்களை ஒன்று சேர்ப்பது அன்புதான் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் போய்ப் பார்த்தால், அந்த வேலையைக் கடன் இன்னும் கச்சிதமாகச் செய்வது தெரியும். அங்கே மொய் விருந்து வைக்கக் கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. பணமுடை ஒன்றே போதும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போட, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். எழுதியவர் பிறகு விருந்து வைக்கும்போது, மொய் வாங்கியவர் அந்தத் தொகையோடு மேலே கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். அந்தக் கூடுதலில்தான் சூட்சுமம்: கணக்கு ஒருநாளும் நேராகாது, உறவும் முறியாது. பரிசு என்பது திருப்பித் தரும் கடமையோடுதான் வருகிறது என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதியதை, இங்கே மொய் எழுதுபவர் தினமும் நிரூபிக்கிறார்.

இது வட்டியில்லாக் கடன்தானே என்பார்கள். இருக்கட்டும், எந்த வங்கி மேலாளர் கடன் கொடுக்க நம் பந்தியில் வந்து உட்காருகிறார்? திருப்ப முடியாத ஏழையை இது நசுக்காதா என்பது கனமான கேள்வி. நசுக்கத்தான் செய்யும், முறை தவறியவரை ஊரே ஏசும். ஆனால் ஏசுவதற்காவது அவர் பெயர் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. நகரத்து அடுக்குமாடியில் யாரும் யாருக்கும் பாக்கியில்லை. எதிர்வீட்டுக்காரர் பெயரும் தெரியவில்லை. ஒற்றுமை வளர்க்கப் பொங்கல் கோலப்போட்டி நடத்தும் குடியிருப்போர் சங்கங்கள், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்று கட்டாயம் என்று தீர்மானம் போட்டுப் பார்க்கலாம். மறுநாளே எல்லா வீட்டு அழைப்புமணியும் அடிக்கும்.