மழையில நனைஞ்ச ராமாயணம்

மணிரத்னம் எடுத்த படம், கதை நம்ம ராமாயணம், அப்படியும் ஏன் தாத்தா மனசுல ஒட்டலன்னு கேக்குற. நல்லாக் கேட்ட போ. படிச்சவங்க அத்தனை பேரும் ஆகா ஓகோன்னு தலையாட்டுறப்ப, எனக்கு ஒண்ணும் புரியலன்னு சொல்றதுக்குத் தைரியம் வேணும். உனக்கு அது உங்கப்பன்கிட்ட இருந்து வந்திருக்காது, எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கும். உட்காரு. தே ஆறிப்போவுது, பசியாறிக்கிட்டே கேளு.

2010 ஜூன் மாசம் 'இராவணன்' வந்துச்சு. தமிழ்ல விக்ரம்தான் இராவணன், படத்துல பேரு வீரா. இந்தியில அபிஷேக் பச்சன் இராவணன், அதே விக்ரம் போலீஸ்காரரு, அதாவது ராமரு. ஒரே ஆளு ஒரு மொழியில சீதையைத் தூக்கிட்டுப் போறாரு, இன்னொரு மொழியில அவரே தேடி அலையுறாரு. சீதையா வந்த ஐஸ்வர்யா ராய்தான் பாவம், எந்த மொழியிலயும் தப்பிக்க வழியில்ல. தெலுங்குக்காரங்களுக்கு 'வில்லன்'னு பேரு வச்சுக் குடுத்தாங்க.

சுங்கைப் பட்டாணிக்குப் போயி டிக்கெட் எடுத்துத்தான் பார்த்தேன். முதல்ல உறுத்துனது அந்த மழை. அதிரப்பள்ளி அருவி, பாறை, சேறு, மூடுபனி, மறுபடி மழை. நான் கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பால் வெட்டுனவன்டா. விடியக்காலையில மழை பெஞ்சா பட்டை நனைஞ்சிரும், பால் வெட்டுக்கோட்டுல ஓடாம மரம் பூராவும் வழியும், மங்குல தண்ணிதான் நிக்கும். அன்னிக்குக் கூலி கெட்டுச்சு. நான் இருட்டுல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இத்தனை மழை பெய்யுற ஊருல எவன் வேலைக்குப் போயிருப்பான்? வீராவைச் சாமி மாதிரி கும்பிடுதே அந்தச் சனம், அது எதைத் தின்னு உசுரோட இருக்கு? சந்தோஷ் சிவன், மணிகண்டன்னு ரெண்டு பேரு கேமரா புடிச்சாங்க. ஒவ்வொரு துளியையும் முத்து மாதிரி காட்டுனாங்க, அதுல குறை சொன்னா என் நாக்கு அழுகிப்போவும். பாட்டும் ரகுமான், கேக்கணுமா? அந்தச் சனத்தோட பொழப்புதான் கண்ணுல படவே இல்ல.

அப்புறம் கார்த்திக் வாராரு. காட்டு இலாகாவுல கார்டு. நல்ல நடிகரு, பாத்ததும் பிடிச்சுப் போச்சு. ஆனா அவருதான் அனுமாருன்னு நமக்குத் தெரிய வேணாமா? அதுக்காக மனுசனை மரத்துல ஏத்தி, கிளைக்குக் கிளை தாவ விட்டாங்க. எனக்குப் பின்னால ஒரு கிழவி, "வாலு எங்கடா, மறந்துட்டானுங்களா?"ன்னு சத்தமாவே கேட்டுச்சு. பிரபு அண்ணனா வந்தாரு, உடம்பைப் பார்த்ததுமே கும்பகர்ணன்னு எழுதிக்கிட்டோம். பதினாலு வருசம் பதினாலு நாளாச்சு. தங்கச்சிக்கு நடந்த கொடுமை, அது சூர்ப்பணகை. எதுக்க எதுக்க விடை எழுதிக்கிட்டே போனோம்னு வையி. பரீட்சை முடிஞ்சுது, யாருக்காக அழுவுறதுன்னுதான் தெரியல.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். பொண்டாட்டியை மீட்டுட்டுப் போற ராமரு, பொய் கண்டுபிடிக்கிற மெஷின்ல உட்காருறியான்னு கேக்குறாரு பாரு, அங்க நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கினிப் பிரவேசத்தை இதைவிடக் கேவலமா, இதைவிட உண்மையா எவனும் காட்டல. அந்த ஒரு கேள்வியில இருந்து படத்தைத் தொடங்கியிருந்தா, மழையே வேணாம். ஆனா அதுக்குள்ள படம் முடியப் போவுது, நாங்க செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கோம்.

மணிரத்னத்துக்குப் புராணக்கதை எடுக்கத் தெரியாதுன்னு நினைக்காத. 1991-ல 'தளபதி' எடுத்தவரும் இவருதானே? அது கர்ணன் கதை. கேசட்டு வாடகைக்கு எடுத்து லயத்துல எல்லாரும் பார்த்தோம். கூட்ஸ் வண்டியில பிள்ளையை விட்டுட்டு ஓடுற தாயைப் பார்த்து உங்க பாட்டி மூக்கைச் சிந்திக்கிட்டே இருந்தா. மம்முட்டிதான் துரியோதனன்னு அவளுக்கு மறுநாள் காலையில பேர் கூப்பிடுற பிரட்டுக்குப் போறப்பதான் ஒரைச்சுது. 'ரோஜா'வும் சாவித்திரி கதைதான், அதையும் யாரும் நெத்தியில எழுதி ஒட்டல. பட்டையைச் சீவினாப் பால் வரும், கத்தியைக் கட்டை வரைக்கும் இறக்கினா மரம் கெட்டுப்போவும். அளவு தெரிஞ்ச கையிதான் ஏறத்தாழ இருவது வருசம் கழிச்சு ஆழமா இறக்கிருச்சு.

இராவணன் பக்கமிருந்து பார்த்தாருன்னு பெருசா பேசுறானுங்க. 1958-ல 'சம்பூர்ண ராமாயணம்' வந்தப்பவே, டி.கே. பகவதி இராவணனா நடந்து வந்ததைப் பார்த்துத் தோட்டத்துச் சனம் அவருக்காகத்தான் உச்சுக் கொட்டுச்சு. புலவர் குழந்தை 1946-லயே இராவண காவியம்னு முழுசா எழுதி, அரசாங்கம் தடை போட்டு, அந்தத் தடையை 1971-லதான் நீக்குனாங்க. அட, மலாய்க்காரங்களோட ஹிகாயத் ஸ்ரீராமாவுல சீதையே இராவணன் வீட்டுல பொறந்த பொண்ணுடா. கம்பத்துல அந்தக் கதையை அருவி இல்லாம, கிரேன் இல்லாம சொல்லியிருக்காங்க.

சரி, நீ எடுக்கப்போற படத்தோட கதை நோட்டைப் பையில இருந்து எடு. பூஜாங் பள்ளத்தாக்குல நடக்குற கதைன்னு உங்கம்மா சொல்லிட்டா. கடாரம், ராஜேந்திர சோழன், அதுக்குள்ள மகாபாரதம், அதுக்குள்ள கித்தா தோட்டம். பேஷ். அப்ப தாத்தா சொல்றபடி எடு. கிராணியைச் சகுனியா வையி, கையில தாயக்கட்டையைக் குடு, இல்லன்னா நாங்க கண்டுபிடிக்க மாட்டோம். கங்காணி கண்ணுல துணி கட்டி விடு, திருதராஷ்டிரன். கதாநாயகி அழுவுறப்ப எல்லாம் குனோங் ஜெராய் மேல மேகம் இறங்கணும். வசனத்தைப் பாதியில நிறுத்திரு, மீதியை யோசிக்கிறவன் அறிவாளி, கேக்குறவன் தோட்டத்தான். பேட்டியில "இது எல்லாருக்குமான படம் இல்ல"ன்னு முதல்லயே சொல்லிரு, அப்புறம் ஓடலன்னாலும் பழி எங்க மேலதான்.

அது கஷ்டமா இருந்துச்சுன்னா, சஞ்சய் குமார் பெருமாள் 2015-ல எடுத்த 'ஜகாட்' இருக்கு, பாரு. தோட்டத்தை விட்டு வெளிய வந்த ஒரு குடும்பம், அப்போய்னு ஒரு வாலு, அவ்வளவுதான். அடுத்த வருசம் மலேசியாவோட சிறந்த படம்னு விருது குடுத்தாங்க. யாரு யாரோட அவதாரம்னு எனக்கு இன்னும் தெரியாது, ஆனா அந்த அப்பன் பையனை அடிக்கிறப்ப எனக்கு உங்கப்பன் ஞாபகம் வந்துச்சு.

எப்படியோ எடு. என்னைப் பீஷ்மரா போடப்போறியாம், அதையும் கேள்விப்பட்டேன். அம்புப் படுக்கையில மல்லாந்து கிடக்கிறதுக்கு எனக்கு ஆட்சேபணை இல்ல, நான் எப்பவும் பண்ற வேலைதான். மழை மட்டும் வேணாம், மூட்டு வலிக்கும். சம்பளத்தை முன்கூட்டியே வெள்ளியாக் குடுத்திரு.