கையெழுத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?

ஏன்டா பேராண்டி, வெனிஸ் ஆணையத்துல பயிற்சிக்கு எழுதிப் போட்டிருக்கியாமே? உங்கம்மா அடி அண்ணாமலை கோயில் வாசல் பூக்காரி வரைக்கும் சொல்லிட்டா. நல்லாப் போயிட்டு வா. எனக்குத்தான் சிரிப்பு அடங்கல. சீமைக்காரங்க ஏரோப்பிளேன் ஏறி வந்து, இந்தக் கிரிவலப் பாதையில செருப்பில்லாம 14 கிலோமீட்டர் நடந்து, எப்படி வாழறதுன்னு நம்ம சாமியாருங்க கிட்ட ரோசனை கேக்கறாங்க. நீ அவங்க ஊருக்குப் போயி, எப்படி ஆளறதுன்னு ரோசனை சொல்லப் போற. ரெண்டு பேருக்கும் டிக்கெட் வித்தவன்தான் கெட்டிக்காரன்.

நீ வச்சுட்டுப் போன தாளை எல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பெர்லின் சுவரு விழுந்த சூட்டோட, 1990-ல ஆரம்பிச்சதாம். ஐரோப்பிய அவையோட பிள்ளை. மொதல்ல 18 நாடு, அப்பறம் 61 வரைக்கும் வளந்துச்சு. பிரேசில், தென் கொரியா எல்லாம் உள்ள இருக்குது. நாம இல்ல, இலங்கையும் இல்ல. வருஷத்துக்கு நாலு தரம் வெனிஸ்ல ஒரு பழைய மண்டபத்துல கூடுவாங்களாம். எந்த நாடாவது அரசியல் சட்டத்தையோ, தேர்தல் சட்டத்தையோ, நீதிபதிய நியமிக்கிற சட்டத்தையோ மாத்துதுன்னா, வரிவரியாப் பாத்துக் கருத்து எழுதிக் குடுப்பாங்களாம். பேராசிரியரு, நீதிபதின்னு அரசாங்கம்தான் ஆளை அனுப்புது. உக்காந்த பிறகு அந்த அரசாங்கத்துக்காகப் பேசக்கூடாது. ஏத்துக்கிட்டே ஆவணும்னு கட்டாயமும் கெடையாது.

கட்டாயமில்லைங்கிறது எனக்குப் புடிச்சுது. கம்பு வச்சிருக்கிறவன் சொல்ற ரோசனையில கம்புதான் பேசும். ஆனா கட்டாயமில்லாத ரோசனைய எவன் எதுக்குக் கேக்கறான்னு பாக்கணும் இல்லையா?

போலந்து கதை அதுலதான் வருது. 2015 டிசம்பர்ல அரசியல் சட்ட நீதிமன்றத்தோட கையைக் கட்டுறதுக்கு ஒரு சட்டம் போட்டாங்க. அவங்க வெளியுறவு மந்திரியே வெனிஸுக்குக் கடுதாசி போட்டு, இது சரியான்னு கேட்டாரு. கேட்ட மை காயறதுக்குள்ள, டிசம்பர் 28-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுட்டாரு. ஆட்டை அறுத்துட்டு ஜோசியர் கிட்ட நல்ல நேரம் கேட்ட கதை. மார்ச்ல வெனிஸ்காரங்க, இது சட்டத்தின் ஆட்சிக்கே ஆபத்துன்னு எழுதிட்டாங்க. கேட்டவங்களுக்கே கோவம்! அதனால நீ அங்க போனதும், மொதல்ல கடுதாசியோட தேதியப் பாரு. அப்பறம் கையெழுத்தோட தேதியப் பாரு. உள்ள இருக்கிற விசயத்தை நிதானமாப் படிச்சுக்கலாம்.

இந்த மாதிரி ஆணையம் வர்றதுக்கு முன்னால, ஒத்தை ஆளா ஊர் ஊராச் சட்டம் சொன்ன ஒரு துரை இருந்தாரு, ஐவர் ஜென்னிங்ஸ். கொழும்புல பல்கலைக்கழகத் துணைவேந்தர். இலங்கைத் தலைவர் சேனநாயகாவுக்குக் கிட்ட உக்காந்து, சோல்பரி கமிஷன் வர்றதுக்கு முன்னாலயே இலங்கைச் சட்டத்துக்கு முன்வரைவு எழுதக் கை குடுத்தவரு. அப்பறம் மலாயாவுக்கு ரீட் கமிஷன்ல போனாரு. நேபாளத்துக்கும் ரோசனை சொன்னாரு. நேபாளச் சட்டம் 1959-ல வந்துச்சு, 1960 டிசம்பர்ல மகேந்திர ராஜா நாடாளுமன்றத்தையே கலைச்சுட்டாரு. நடுவுல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சொற்பொழிவு பண்ணி, நம்ம சட்டம் ரொம்ப நீளம், வளையாதுன்னு குறை சொல்லிட்டுப் போனாரு. 1953-ல அது புத்தகமாவும் வந்துச்சு. அவரு கை வச்ச இலங்கைச் சட்டத்தை 1972-ல தூக்கிப் போட்டுட்டாங்க. நம்ம நீளமானது 1950-லேர்ந்து நூறு தையல் போட்டுக்கிட்டு இன்னும் நடக்குது. துரையை நான் கிண்டல் பண்ணல. பண்ணினாலும் அவருக்குக் கேக்காது.

அந்த இலங்கைச் சட்டத்துல 29-வது பிரிவுன்னு ஒண்ணு. மத்த சமூகத்துக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கு மட்டும் போடக்கூடாதுன்னு அழகா எழுதியிருந்துச்சு. 1948 பிப்ரவரியில சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். அதுல தமிழன்னு ஒரு எழுத்து கெடையாதுடா. உங்கப்பன் இலங்கையில பொறந்ததுக்குக் காயிதம் காட்டு, அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவனுக்கு எவன் காயிதம் குடுத்தான்? நம்ம பக்கத்துலேர்ந்து போனவன் பேரன் பேத்திங்க, 7 லட்சம் பேருக்கு மேல, நாடில்லாம நின்னாங்க. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்குப் போச்சு. 1953-ல தீர்ப்பு வந்துச்சு: யாரு குடிமகன்னு முடிவு பண்றது நாடாளுமன்றத்தோட வேலை, அதனால 29-வது பிரிவு உடையல. 1964-ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து, 5,25,000 பேரை இங்க அனுப்புறதுன்னு பங்கு போட்டுக்கிட்டாங்க. நீலகிரியில அரசாங்கமே தேயிலைத் தோட்டம் போட்டுத்தான் அவங்கள்ல கொஞ்சம் பேருக்கு வேலை குடுத்துச்சு. சேனநாயகாவுக்கும் துரைக்கும் நடுவுல இருந்த மேசையில தோட்டத் தொழிலாளி ஒருத்தனும் உக்காரல.

ஏட்டுச் சுரைக்காய்னு நீ சொல்லிடாத. 29-வது பிரிவு உதவாக்கரைன்னா, 1972-ல அதை எதுக்கு அவ்வளவு அக்கறையா எடுத்தாங்க? எழுதி வச்சது உறுத்திக்கிட்டே இருக்கும். அதுக்காகவாவது எழுதணும்.

வெனிஸ்காரங்க 2002-ல தேர்தலுக்கு ஒரு நடைமுறை நெறி எழுதியிருக்காங்களாம். தேர்தலுக்கு ஒரு வருஷத்துக்குள்ள தேர்தல் சட்டத்தோட அடிப்படைய மாத்தாதேன்னு அதுல இருக்குது. நல்ல புத்தி. நம்ம ஊர்ல அந்தச் சிக்கல் வராது, தேர்தலையே வைக்க மாட்டாங்க. 73-வது திருத்தம் 1993-ல நடைமுறைக்கு வந்துச்சு. ஊராட்சிக்குத் தவணை அஞ்சு வருஷம், முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல் முடிஞ்சிருக்கணும்னு அரசியல் சட்டத்துலயே இருக்குது. 2016 அக்டோபர்ல தவணை முடிஞ்சுது. நம்ம மாவட்டத்துல ஓட்டுப் போட்டது 2019 டிசம்பர்ல. அந்த மூணு வருஷம் தனி அலுவலர் ராஜ்ஜியம். 2025 ஜனவரியில மறுபடியும் தவணை முடிஞ்சுது, மறுபடியும் தனி அலுவலர்.

அதனால போறதுக்கு முன்னால இங்க ஒரு கருத்து எழுதிப் பழகிக்க. வரிவரியா, வெனிஸ் பாணியிலயே எழுது. ஏத்துக்கணும்னு கட்டாயமில்லைன்னு கடைசியில மறக்காம போடு, இல்லேன்னா வாங்கவே மாட்டாங்க. எழுதி, ஊராட்சி ஒன்றிய ஆபீஸ்ல குடுத்து, தேதி போட்ட முத்திரையோட ரசீது வாங்கிக்க. பௌர்ணமியில மட்டும் போயிடாத, பந்தோபஸ்து மீட்டிங்னு ஒருத்தரும் சீட்டுல இருக்க மாட்டாங்க.