நாய் விற்ற காசு

ஸ்ட்ரோம்மன்,
டிசம்பர் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது.

"நீ அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்கிறார்கள், நான் என்ன சொல்லட்டும்?" என்று போன வாரம் கேட்டீர்கள். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் பின்னால் சித்தி சிரிக்கிற சத்தம் கேட்கும். அதனால்தான் கடிதம்.

நாய், பூனைத் தீனியை ஆராய்ச்சி செய்கிற கம்பெனி. உணவு வேதியியல் படித்த உங்கள் அண்ணன் மகள், காலையில் இரண்டு கிண்ணத்தில் தீனியை எடைபோட்டு நாய் முன்னால் வைப்பாள். முதலில் எதில் வாய் வைக்கிறது, எதில் எவ்வளவு மிச்சம் என்று குறித்துக்கொள்வாள். மறுநாள் இடப்பக்கக் கிண்ணம் வலப்பக்கம் போக வேண்டும். ஏனென்றால் சில நாய்கள் ருசியே பார்ப்பதில்லை, பழக்கதோஷத்தில் எப்போதும் ஒரே பக்கம்தான். நம் வார்டில் ஓட்டுப் போடுகிறவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு, உங்களையும் சேர்த்து.

பூனை விஷயம் வேறு. அதற்கு இனிப்பு என்றாலே என்னவென்று தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதற்குப் பழுது என்று 2005-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள். பால்கோவா டப்பாவைப் பூனை தொடாமல் போனபோது "என்ன ஒழுக்கமான பூனை" என்று பாட்டி மெச்சுவாளே, அது ஒழுக்கமில்லை சித்தப்பா, ஊனம்.

ஊரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்லோவிலிருந்து ரயிலில் கால்மணி, இருபது நிமிஷம். இந்தத் தண்டவாளம் 1854-இல் போட்டது, நார்வேயின் முதல் ரயில் பாதை. பெரம்பூர் மாதிரி இங்கேயும் ஒரு காலத்தில் ரயில் பெட்டி கட்டினார்கள். இப்போது ஊர்க்காரர்களுக்கு முக்கியம், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற மகா பெரிய கடைவளாகம். டிசம்பரில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல் எழுந்து மூன்றேகாலுக்குள் போய்விடுகிறது. அந்த இருட்டில் நாய்கள் மின்னுகிற சட்டை போட்டுக்கொண்டு, பனிக்குக் காலுறையும் மாட்டிக்கொண்டு நடக்கின்றன. முதல் வாரம் நான் காலுறை இல்லாமல் செருப்போடு இறங்கினேன். எதிரே வந்த ஒரு நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது.

ஆபீசுக்கு அவரவர் நாயைக் கூட்டிவரலாம். பக்கத்து நாற்காலிக்காரர் நாயின் பேர் ஓடின். இவர்களுடைய பழைய கடவுள்களில் பெரியவர் பேராம். ஓடி நான் பார்த்ததில்லை. நாளெல்லாம் என் மேசைக்கடியில் தூங்கும், மீட்டிங் தொடங்கினால் மட்டும் குரைக்கும். நாய் விற்ற காசு குரைக்காது என்பீர்கள். இங்கே மாதாமாதம் சம்பளப் பேச்சு நடக்கும்போதே குரைக்கிறது. மேனேஜரை இங்கே பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், 'சார்' என்றால் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார். ஓடினை யாராவது அதட்டினால் மட்டும் ஆபீஸ் முழுக்க முகம் சுளிக்கிறது.

சாப்பாட்டு நேரம்தான் எனக்குத் தாங்காது. நாயின் கிண்ணத்தில் சால்மன் மீன், அளந்து போட்ட விட்டமின், உரோமம் பளபளக்க மீனெண்ணெய். பதினொன்றரைக்கு எங்களுக்கு மணியடிக்கும். எல்லோரும் பையிலிருந்து 'மாட்பாக்கெ' என்ற பொட்டலத்தை எடுப்பார்கள்: வறட்டு ரொட்டித் துண்டு, மேலே ஒரு சீவல் பாலாடைக்கட்டி, துண்டுக்குத் துண்டு நடுவில் காகிதம். மேனேஜருக்கும் அதேதான். அந்தப் பழுப்புப் பாலாடைக்கட்டி, பால் திரிந்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அடிப்பிடிக்க விட்டு, உப்புப் போட்டு, சோப்புக்கட்டி மாதிரி அறுத்தால் எப்படியிருக்கும்? நான்கு மாதத்தில் பிடித்துப்போய்விட்டது, சித்தியிடம் சொல்லாதீர்கள்.

நாய் இல்லாதவர்களை இந்த ஆபீசில் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். காபி மெஷின் பக்கத்தில் ஒருநாள் வளைத்துக்கொண்டார்கள். ஊரில் மணி என்று ஒரு நாய் இருந்தது, பதினாலு வருஷம் வாழ்ந்தது என்றேன். முகங்கள் மலர்ந்தன. என்ன தீனி? ரேஷன் அரிசிச் சோறும் மிச்சக் குழம்பும் என்றேன். ஒரு பெண் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். விடுவேனா? சோறு தின்னத்தானே நாய் நாயானது! ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணுப் பிரதி இரண்டே இரண்டு. நாய்க்கு நாலிலிருந்து முப்பதுவரை. உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013-இல் எழுதிய கட்டுரை, உங்கள் பக்கத்து நாடுதானே என்றேன். மனிதன் விவசாயம் செய்து கொட்டியதைத் தின்றே ஓநாய் வீட்டுக்கு வந்ததென்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அரை நிமிஷம் நான்தான் அங்கே விஞ்ஞானி. அப்புறம் ஓடினின் முதலாளி மெதுவாகக் கேட்டார்: "குழம்பில் வெங்காயம் உண்டா?" வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும், மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கலந்த உங்களுக்குத் தெரியாததா? இல்லவே இல்லை என்றேன். நம் வீட்டில், சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு!

இவர்களைக் கேலி செய்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2009-இல் போட்ட சட்டத்தில், மனிதனுக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் பிராணிக்குத் தனக்கென ஒரு மதிப்பு உண்டென்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தைக் காட்டி விலங்குநல அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, நோயோடே பிறக்கிற கவாலியர் ஸ்பானியல் நாயை இனி அந்த இனத்துக்குள்ளேயே பெருக்கக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வாங்கிவிட்டது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் வருஷம் பத்து நாள் லீவு உண்டு, நாய்க்குத்தான் இன்னும் கிடையாது. ஓடினுக்குப் பல் பிடுங்கிய அன்று அதன் முதலாளி பேசாமல் தன் சொந்த லீவைப் போட்டுவிட்டுப் போனார். மணி கடைசி ராத்திரி கிணற்றடியில் கிடந்தபோது நீங்கள் லாந்தரை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தீர்களே, அதை அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கும் அவர்தான் காபி எடுத்துவருகிறார்.

இப்போது ஒரு உதவி. ஆபீஸ் வாசல் சுவரில் அவரவர் நாயின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். என் பேருக்கு மேலே வெறும் சட்டம். மணி படம் வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், என் ஊர் ராஜபாளையம் என்றதும் இவர்கள் கம்ப்யூட்டரில் தேடி, தூய வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக இருக்கிற அந்த ராஜவம்ச நாயைப் பார்த்துவிட்டார்கள். 2005-இல் தபால்தலை போட்ட ஜாதி நாய் என்று நானே எடுத்துக்கொடுத்தேன். மணி பஸ் ஸ்டாண்ட் சாக்கடையிலிருந்து நீங்கள் தூக்கிவந்த செவலைக் குட்டி என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா கல்யாண ஆல்பத்தில், தாத்தா நாற்காலிக்குக் கீழே மணி படுத்திருக்கிற படம் ஒன்று இருக்கும். ஸ்டுடியோவில் கொடுத்துக் கறுப்பு வெள்ளையாகப் போட்டு அனுப்புங்கள். ஜிலேபி மாதிரி சுருண்ட அந்த வால் இருக்கிற பக்கத்தை மட்டும் மறக்காமல் வெட்டிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா