இரட்டைச் சூரியனும் கரிசல்காடும்

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் உலகெங்கும் இரண்டு கட்சி. கோவில்பட்டி டீக்கடையில் மூன்றாவது கட்சியும் உண்டு.

கல்லூரித் தம்பிகள் வழக்கமான குற்றப்பத்திரிகையை வாசிக்கிறார்கள். காற்றில்லாத வெளியில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும்? பார்செக் தூரக் கணக்காச்சே, ஹான் சோலோ அதை வைத்து வேகத்தைப் பீற்றலாமா? நியாயம்தான்.

கரிசல் சம்சாரிக்கு இதெல்லாம் பெரிசில்லை. 1977இல் வந்த முதல் படத்தில் நாயகன் லூக்கை வளர்க்கிறவர், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கும் பாலைவன விவசாயி. "ரெண்டு சூரியன் காயுது, ஐப்பசி மழையும் கெடையாது. அந்த மிஷினுக்கு மானியம் உண்டா தம்பி?" பையன் வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்; வெள்ளாமை என்ன ஆச்சு என்று ஒன்பது பாகத்திலும் பேச்சே இல்லை. சம்சாரியைப் பொறுத்தவரை கதையின் பெரிய ஓட்டை இதுதான்.

அசல் ஓட்டையைப் பிடித்தவர் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி. "நம்ம மருந்து அறைக்கே அதிகாரி ஆயிரம் சட்டம் பேசுதான். கெரகத்தையே பொசுக்குத டெத் ஸ்டாருக்கு, ரெண்டு மீட்டர் ஓட்டையோட லைசென்ஸ் குடுத்தது யாருவே?" 1983இல் இரண்டாவதும் வெடித்தது, 2015இல் அதைவிடப் பெரிதும் வெடித்தது. மூன்றுக்கும் ஒரே கான்ட்ராக்டர் என்பது அவர் துணிபு.

பழைய எம்.ஜி.ஆர். ரசிகர் ஒருவருக்கு இந்த வழக்கே வீண். 1963இல் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் பானுமதியைத் தூக்கிப்போனது இசை கற்க. வாத்தியார் போனார், மீட்டார். "ஒரே படத்துல சோலி முடிஞ்சுதுல்லா!"