காசோலைப் புணரியல்: ‘மட்டும்’ என்னும் சொல் குறித்து ஒரு முன்னாய்வு

எண்ணும் எழுத்தும் இரண்டு கண்கள் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அப்படி நினைக்கவில்லை. காசோலையில் எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் முரண்பட்டால், எழுத்தில் உள்ளதே தொகை என்று அது தீர்த்துவிட்டது. வங்கிகளோ இரண்டும் பொருந்தவில்லை என்று சீட்டு வைத்துக் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இலக்கணச் சண்டையில் இறங்க அவர்களுக்கு நேரமில்லை. எனக்கு நேரம் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு தருமபுரியில் குடியிருக்கிறேன்.

இந்த ஆய்வின் கருதுகோள் இதுதான்: தொகையை எழுத்தால் எழுதியபின் கடைசியில் நாம் போடும் ‘மட்டும்’ என்ற காவல்காரர் தமிழுக்குத் தேவையில்லை. அந்த வேலையைப் புணர்ச்சி விதியே சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது.

ரூபாய் ஆயிரம் என்று எழுதுகிறீர்கள். ஒருவன் பின்னால் ஐந்நூறு சேர்க்கப் பார்க்கிறான். முடியாது. ‘ஆயிரம்’ என்பது அடைத்த கதவு. மேலே தொகை தொடர வேண்டுமானால் அது ‘ஆயிரத்து’ என்று திறந்திருக்க வேண்டும். ‘ம்’மை அழித்துத் ‘த்து’ ஆக்கினால் திருத்தம் பல்லிளிக்கும். காசோலையின் படத்தை வைத்தே தீர்க்கும் இப்போதைய சி.டி.எஸ். முறையில் தேதியைத் தவிர வேறெதை அடித்துத் திருத்தினாலும் காசோலை செல்லாது. நூறும் அப்படியே. முடிந்தால் ‘நூறு’, தொடர்ந்தால் ‘நூற்று’. தொகை முடிந்ததா, இன்னும் வருமா என்பதைக் கடைசி எழுத்தே சொல்லிவிடுகிறது.

இது தமிழுக்கு மட்டும் வாய்த்த சிறப்பு என்று மேடையில் பேச ஆசையாகத்தான் இருக்கிறது. பாலக்கோடு தக்காளி மண்டியில் அரை மணி நேரம் நின்றால் அந்த ஆசை அடங்கிவிடும். கன்னடம் பேசுகிற வியாபாரிக்கு ‘நூரு’ நூறு. நூற்றொன்று என்றால் ‘நூர ஒந்து’. தெலுங்கு பேசுகிறவருக்கு ‘நூரு’, ‘நூட்ட ஒகட்டி’. மூன்று மொழிக் கதவுக்கும் ஒரே தச்சர். கடல் கடந்தாலும் தொல்லை தீரவில்லை. ஸ்பானிய மொழி பேசுகிறவர்களுக்கு நூறு ‘சியென்’. மேலே ஒன்று சேர்ந்தால் ‘சியெந்தோ உனோ’. அவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. இருநூறு என்ற எண்ணுக்கு ஆண்பால், பெண்பால் இருக்கிறது. பெசோ ஆண்பால், எனவே ‘தோஸ்சியெந்தோஸ்’. பிரிட்டிஷ் பவுண்டு அவர்கள் வாயில் ‘லிப்ரா’ என்று பெண்பாலாகிவிடுவதால் ‘தோஸ்சியெந்தாஸ்’. நம் ரூபாய் அஃறிணையாக இருப்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே மொழி பேசும் மெக்சிகோக்காரர்களும் கதவின் மேல் நம்பிக்கை இல்லாதவர்களே. எழுத்தில் தொகையை முடித்தபின் 00/100 என்று சென்டாவோ கணக்கையும் எழுதி, தேசிய நாணயம் என்பதன் சுருக்கத்தையும் போட்டுத்தான் பேனாவை மூடுகிறார்கள். அது அவர்கள் ஊர் ‘மட்டும்’.

வாலைப் பார்த்தாயிற்று, இனித் தலை. ‘ஆயிரம்’ உயிரெழுத்தில் தொடங்குகிறது. முன்னால் ‘ஐந்து’ சேர்ந்தால் ‘ஐந்தாயிரம்’ ஆகி, ‘ஆ’ கரைந்து போக வேண்டும். ஆகவே ‘ஐந்து ஆயிரம்’ என்று எந்தக் காசோலையிலாவது தனித்தனியாக நின்றால், முதல் சொல் பிற்சேர்க்கையோ என்று சந்தேகப்படலாம். சந்தேகப்பட ஆள் வேண்டுமே. எளிமைக்காகச் சொற்களைப் பிரித்து எழுதுகிற வழக்கம் வந்தபிறகு இந்தக் காவலும் தளர்ந்துவிட்டது. சந்திப் பிழை பார்க்கிற காசாளர் ஒருவரை வங்கிக்கு ஒருவராக நியமித்தால் போதும், மோசடிப் பிரிவையே மூடிவிடலாம்.

ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு நூறு பற்றியது. அது மெய்யோடு தொடங்குவதால் தலைப்பக்கம் காவலே இல்லை. முன்னால் ‘இரு’ போட்டால் இருநூறு. ‘முந்’ போட்டால் முந்நூறு. ‘ஐந்’, ‘அறு’, ‘எழு’ என எதை வைத்தாலும் ‘நூறு’ ஓர் எழுத்துகூட மாறாமல் அசையாது நிற்கிறது. ஆனால் நானூற்றுக்கு ‘னூ’ வேண்டும், எண்ணூற்றுக்கு ‘ணூ’ வேண்டும். அங்கே திருடன் மாட்டிக்கொள்வான். தொள்ளாயிரத்துக்கு வழியே இல்லை. ஆக, நூறு ரூபாய்க் காசோலையைத் திருத்துகிறவனுக்கு ஐந்து வாசல் திறந்திருக்கிறது. உச்சபட்ச லாபம் அறுநூறு ரூபாய். நூறு ரூபாய்க்கு யார் காசோலை எழுதுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. ஆய்வு வேறு, வாழ்க்கை வேறு.

ஒன்பது தனி அத்தியாயம். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் கடைசி இயலான குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப் பெயர்களுக்கென்றே வரிசையாக நூற்பாக்கள் இருக்கின்றன. ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு, ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று அங்கேயே விதி வந்துவிட்டது. நன்னூலும் அதைத் தொடர்கிறது. தொண்ணூற்றின் வாலில் நூறு தொங்குகிறது, தொள்ளாயிரத்தின் வாலில் ஆயிரம். இரண்டுமே தகுதிக்கு மீறிய பட்டம் போட்டுக்கொண்டவை. ‘ஆயிரம்’ என்று எழுதிய காசோலையை ஒருவன் கஷ்டப்பட்டுத் ‘தொள்ளாயிரம்’ ஆக்கினால் அவனுக்கு நூறு ரூபாய் நஷ்டம். மோசடி செய்தவனே இழப்பீடு கேட்கக்கூடிய ஒரே இடம் தமிழில் இதுதான்.

எழுத்தில் உள்ளதே தொகை என்றால் எழுத்துப்பிழையும் தொகையைப் பாதிக்கும் அல்லவா? 300 என்பது முந்நூறு. பலர் ‘முன்னூறு’ என்று எழுதுகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது முன்னால் உள்ள நூறு. 500 என்பது ஐந்நூறு. ‘ஐநூறு’ என்று எழுதினால், ‘ஐ’க்கு அழகு என்றும் ஒரு பொருள் உண்டென்பதால், அழகான நூறு ரூபாய் என்று வாதாட இடமிருக்கிறது. எந்த வழக்கறிஞரும் இன்னும் இதைக் கையில் எடுக்காதது வியப்பு. ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் 15 மொழிகளில் மதிப்பு அச்சாகிறது, ஆங்கில அகரவரிசையில் தமிழ் 13ஆவது. உங்களிடம் உள்ள 500 ரூபாய்த் தாளைத் திருப்பி, ‘ந்’ இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்ததைத் தக்காளிக்குக் கொடுத்துவிட்டேன்.

‘மட்டும்’ வந்த கதைக்குக் கொஞ்சம் பழைய கணக்கு பார்க்க வேண்டும். 1792இல் திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் நான் குடியிருக்கும் இந்தப் பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, குடியானவர் ஒவ்வொருவரிடமும் நேராகத் தீர்வை பேசும் முறையைத் தொடங்கினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று சென்னை மாகாணமெங்கும் பரவியது இதுவே. கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பிறகு 1818இல் ரூபாய் வந்தது. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. இந்தக் காலம் முழுதும் தொகை என்பது மூன்று படி இறங்கித் தரையில்தான் முடியும். ரூபாய் இத்தனை, அணா இத்தனை, பை இத்தனை என்று சொல்லி முடித்தவரிடம் ‘மட்டும்தானா?’ என்று யாரும் கேட்கப் போவதில்லை. 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா வந்தது. பிறகு நயாவும் போயிற்று. 2011 ஜூனோடு 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் செல்லாமல் போயின. படிகள் இடிந்த வீட்டில் வாசற்படியாக ‘மட்டும்’ மிஞ்சியது என்பது என் கொள்கை. எண்ணுக்குப் பின்னால் நாம் இழுக்கும் ‘/-’ என்ற கோடும் இதே ரகம். பென்ஸ் ஏதும் இல்லை என்று காட்ட ஆங்கிலேயர் ஷில்லிங்கிற்குப் பக்கத்தில் போட்டது அது. ஷில்லிங்கை அவர்களே கைவிட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் புரோநோட்டில் அது இன்னும் பணியில் இருக்கிறது.

‘மட்டும்’ நல்ல காவல்காரர்கூட இல்லை. மட்டு என்றால் அளவு, எல்லை. ‘இதுமட்டும் அவன் வரவில்லை’ என்றால் இதுவரை என்று பொருள். அப்படியானால் ‘ரூபாய் ஆயிரம் மட்டும்’ என்பதை ஆயிரம் வரைக்கும் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு காசாளர் எழுநூற்றை எண்ணிக் கொடுத்துவிட்டு, ‘எல்லைக்குள்தானே இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமப்படுவோம்.

டீக்கடைகளில் இப்போது ஒரு சிறு பெட்டி, கைப்பேசியில் பணம் அனுப்பியதும் தொகையை உரக்கச் சொல்கிறது. எண் திரையோடு நின்றுவிட, எழுத்து வாய்வழியே திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பெட்டி ‘மட்டும்’ சொல்வதில்லை. டீக்கடைக்காரர் யாரும் அதற்காக அதை நம்பாமல் இருந்ததில்லை. இதை என் கருதுகோளுக்கு ஆதாரமாகக் கொள்கிறேன்.

இறுதியாகக் களப்பணி. இடம், ஒரு வங்கிக் கிளை. காசோலைகளை வட்டார மொழியிலும் எழுதலாம் என்ற உரிமையைப் பயன்படுத்தி 12,500 ரூபாய்க்கு எழுதினேன். பன்னிரண்டாயிரம் என்பதைவிடப் பன்னீராயிரம் மரபு அழகு உடையது என்பதால் ‘ரூபாய் பன்னீராயிரத்து ஐந்நூறு’ என்று எழுதி, பரிசோதனைக்காக ‘மட்டும்’ போடாமல் நீட்டினேன்.

கவுன்டரில் இருந்த அம்மா இரண்டு முறை படித்தார்.

“சார், இது என்னங்க பன்னீரு?”

“பன்னிரண்டு, ஆயிரத்தோட சேர்ந்தா அப்படி ஆகும்மா.”

“சரிங்க. கடைசியில ‘மட்டும்’ போடலையே?”

நான் எதிர்பார்த்த கேள்வி. ‘ஐந்நூறு’ அடைத்த கதவு என்பதையும், தொடர்ந்தால் ‘ஐந்நூற்று’ என்று இருந்திருக்கும் என்பதையும், குற்றியலுகரப் புணரியலையும் எடுத்துச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாரமகாலுக்கு வந்தபோது என் பின்னால் வரிசை வாசல்வரை போயிருந்தது. புளி வியாபாரி ஒருவர் தோளைத் தொட்டார்.

“அண்ணா, அந்த ‘மட்டும்’ஐப் போட்டுட்டு வாங்கண்ணா. எனக்குப் பென்னாகரம் பஸ் போயிரும்.”

போட்டேன். காசோலையை வாங்கிக்கொண்ட அந்த அம்மா, ‘பன்னீராயிரத்து’ என்பதற்குக் கீழே பென்சிலால் ஒரு சிறிய கேள்விக்குறி வைத்து, மேனேஜர் அறைக்கு எடுத்துப் போனார்.