தலைமலை இலக்கணம்

பாயிரம்

நூல் செய்பவன் காரணம் சொல்லியாக வேண்டும். இந்நூலின் காரணம் பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சலூன். முடிவெட்டி முடித்த தம்பி கைக்கண்ணாடியை எடுத்து என் பின்தலைக்குப் பிடித்தார். முன்கண்ணாடியில் ஓர் உச்சந்தலை தெரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்கு நடுவில் வெளுத்திருந்தது.

"இது யாரு தல தம்பி?"

"ஒங்க தலதாண்ணே." துண்டை உதறினார். "இப்ப ஆளுங்க இந்தியாவுக்குப் போயி நட்டுக்கிட்டு வாறாங்க. சல்லி இருந்தா நீங்களும் பாருங்கண்ணே."

நட்டுக்கிட்டு! அந்த ஒரு சொல்லில் நூல் பிறந்தது. நடுவதைப் பற்றி ஊவாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தவறணையில் கன்று வளர்த்து, கூடையில் சுமந்து, மலையில் குழிவெட்டி நட்டவர்களின் பேரன் நான். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கும் நிலத்துண்டு. தலையையும் அவ்வாறே ஒரு மலையாகக் கொண்டு, அதன் வகையும் நடவும் செலவும் இடரும் கூறுவதே இந்நூலின் நோக்கம் என்க.

முதலாவது: மலை வகை

அமெரிக்காவில் ஹமில்டன் என்பவர் 1951 இல் ஆண் வழுக்கையைத் தரம் பிரித்தார். நோர்வூட் என்பவர் 1975 இல் அதைத் திருத்தி ஏழு தரமாக்கினார். ஏழும் அவர்களுக்கு இருக்கட்டும். தோட்டத்துக் கணக்குக்கு நான்கு போதும்.

கரை உடைந்த மலை: நெற்றியின் இரு ஓரமும் மேலேறியது. உடையவர் இதை "அகலமான நெத்தி" என்பார்.

நடு வெளுத்த மலை: உச்சியில் வட்டம் விழுந்தது. உடையவருக்குத் தெரியாது. பஸ்ஸில் பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரியும்.

ஓரக்காட்டு மலை: மேலே வெட்டவெளி. காதுக்கு மேலும் பிடரியிலும் மட்டும் காடு.

கவ்வாத்து மலை: இதைத்தான் நின்று பார்க்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலை வெறுங்குச்சியாக நிற்கும். ஊருக்குப் புதியவன் தேயிலை செத்துவிட்டது என்பான். சில மாதத்தில் துளிர்க்கும். தலையிலும் அப்படி உண்டு. கடுங்காய்ச்சல் வந்துபோய் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் கொட்டும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் தைரொயிட் கெட்டாலும் கொட்டும். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் திரும்ப வரும். புழுவெட்டு என்று நாம் சொல்வதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவது அது. இவற்றுக்கு வேண்டியது மருந்து, நடவு அல்ல. கதிர்காமத்துக்கு நேர்ந்து மொட்டை போட்டவரும் இவ்வகையினரே. ஆனால் அவர் நிம்மதியாக இருக்கிறார்.

தன் மலை நான்காம் வகை என்று தெரியாமல் கடல் கடப்பவர், துளிர்க்கப்போகும் மலையில் குழிவெட்டக் கூலி கொடுப்பவராவார்.

இரண்டாவது: நடவு வகை

ஜப்பானில் ஒகுடா என்ற வைத்தியர் 1939 இல் மயிர்க்காலோடு தோலை எடுத்து வேறிடத்தில் வைத்து வளர்த்துக் காட்டினார். போர் வந்தது, உலகம் கவனிக்கவில்லை. நியூயோர்க்கில் ஓரென்றைக் 1952 இல் அதை வழுக்கைக்குச் செய்து, 1959 இல் எழுதினார். அவர் கண்ட உண்மை எளியது: பின்தலை முடியை முன்தலையில் வைத்தாலும் அது பின்தலைப் புத்தியோடேயே இருக்கும், உதிராது. இன்றைய நடவெல்லாம் இந்தப் புத்தியை நம்பியே நடக்கிறது.

பிடரியில் ஒரு கீற்றுத் தோலை வெட்டியெடுத்துப் பிரிப்பது ஒரு முறை. ஒரு மில்லிமீற்றர் அகலமும் இல்லாத குழல் கத்தியால் ஒவ்வொரு கட்டாகத் தோண்டியெடுப்பது மற்றது. ஒரு கட்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும்.

இங்கே ஒரு தடை எழும். தேயிலையிலும் தாய்ச் செடியில் குச்சி வெட்டித்தானே தவறணையில் வைக்கிறோம், இரண்டும் ஒன்றுதானே எனின், அன்று. தாய்ச் செடி மீண்டும் துளிர்க்கும். அடுத்த முறையும் வெட்டலாம். பிடரியில் தோண்டிய மயிர்க்கால் அவ்விடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே தலையில் நடப்பது பெருக்கம் அல்ல, இடமாற்றம். சராசரித் தலை ஒன்றில் வாழ்நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 6,000 கட்டுகளே எடுக்கத் தகும் என்பது இத்தொழிலின் பொதுக் கணக்கு. தலை முழுவதும் இருந்த முடியோ ஏறக்குறைய ஒரு இலட்சம். இந்நூலை மறந்தாலும் இந்த இரண்டு எண்களை மறவாதிருத்தல் நன்று.

மூன்றாவது: போவார் வகை

கலியாணக்காரர், விடுமுறைக்காரர், கூட்டத்துக்காரர் என மூவர்.

கலியாணக்காரர் நாள் குறித்தபின் போவார். இவர் அறியாதது: நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் உதிரும். மூன்று நான்கு மாதம் கழித்தே வேர் மீண்டும் முளைவிடும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம். கலியாணத்துக்கு ஒரு மாதம் முன் போகிறவர், நடாமல் இருந்திருந்தால் இருந்திருக்கும் முடியையும்விடக் குறைவான முடியோடு படத்தில் நிற்கக்கூடும். அல்பம் காலத்துக்கும் இருக்கும்.

விடுமுறைக்காரர் கட்டாரிலும் டுபாயிலும் உழைப்பவர். ஊருக்கு வரும் வழியில் இஸ்தான்புல்லையோ சென்னையையோ சுற்றிக்கொண்டு வருவார்.

கூட்டத்துக்காரர் சிநேகிதன் போனதால் போவார். சிநேகிதனின் மலை வேறு, தன் மலை வேறு என்பதை அவர் ஆராய்வதில்லை.

நான்காவது: செலவு வகை

சொல்லும் செலவு, சொல்லாச் செலவு, மீளாச் செலவு என மூன்று.

சொல்லும் செலவை அளக்க ஓர் அளவை வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். 2024 இல் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கைக்கு 1,242. ஆக அந்தச் சம்பளக் கணக்கில் ஒரு இலட்சம் ரூபாய் என்பது 81 பேராக இருந்தது. தரகர் "சும்மா சில இலட்சம்தான்" என்னும்போது, அம்மா கொழுந்துக் கூடையோடு மலையேறிய எத்தனை காலை அது என்று பெருக்கிப் பார்க்கலாம். டொலரில் பேசும் விலைக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350 ஐத் தாண்டியதை நாம் பார்த்தவர்கள்.

விலை பேசும் விதமும் இரண்டு. கட்டுக்கு இவ்வளவு என்பது ஒன்று; மொத்தமாக இவ்வளவு, ஹோட்டலும் காரும் சேர்த்து என்பது மற்றது. கிலோவுக்குக் காசு என்றால் கூடையில் முத்தலும் சேர்ந்து வரும் என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். கட்டுக்குக் காசு என்றால் வேண்டியதற்கு மேல் தோண்டும் ஆசை வரும். மொத்தக் காசு என்றால் சீக்கிரம் முடித்து அடுத்த தலையை உட்கார வைக்கும் ஆசை வரும். இரண்டும் குணக்கேடு அல்ல, கணக்கின் இயல்பு.

சொல்லாச் செலவாவன: துணைக்குப் போகிறவரின் டிக்கெட், சம்பளமில்லாத லீவு, சில வருடம் கழித்து இரண்டாம் நடவு, மாதாமாதம் மருந்து. நட்ட முடி நிற்கும். நடாத பழைய முடி தன் வழியில் உதிர்ந்துகொண்டே போகும். அதைக் காக்காவிட்டால் முன்னே ஒரு தீவும் பின்னே ஒரு கடலுமாக மலை பிளக்கும்.

மீளாச் செலவு பிடரி முடி. காசு போனால் உழைக்கலாம். 6,000 இல் 4,000 ஐ ஒரே நாளில் அவசரக் கையில் கொடுத்தவர் அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

ஐந்தாவது: இடர் வகை

மரப்பு மருந்து இடர்: சிறியதென்று எண்ணப்படுவது. 2016 இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் ஓரிரு நாளில் இறந்தார்; அந்த நிலையத்துக்கு முத்திரை வைத்தார்கள். அரிதாக நடப்பது. ஆயினும் அவசரம் வந்தால் கையாளத் தெரிந்தவரும் கருவியும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

கை இடர்: சுவரில் தொங்கும் சான்றிதழ் ஒருவருடையது, தலையில் தோண்டும் கை இன்னொருவருடையது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் இதற்கென்றே வழிகாட்டல் வெளியிட நேர்ந்தது. முடி நடும் வைத்தியர்களின் சர்வதேசச் சங்கம் நவம்பர் 11 ஐப் பழுதுபார்ப்பு நாளாக வைத்திருக்கிறது. பழுதுக்கு ஒரு நாள் ஒதுக்கும் அளவுக்குத் தலைகள் பழுதாகின்றன என்க.

தூர இடர்: பதுளைக்காரனுக்குச் சென்னை தூரமில்லை, கட்டுநாயக்கதான் தூரம். வானத்தில் ஒன்றேகால் மணி நேரம். தரையில் இரவு முழுவதும். புது நடவு பிடிக்கப் பத்து நாளாவது தேய்ப்பும் இடிப்பும் ஆகாது. பெரகலைக்கு மேல் பஸ் வளையும் ஒவ்வொரு வளைவிலும் தலை எங்கே போய் மோதும் என்பதை வைத்தியர் எழுதித்தரும் துண்டு சொல்வதில்லை. மூன்றாம் வாரம் லுணுகலையில் ஒருவருக்குச் சீழ் பிடித்தால், நட்டவர் கடலுக்கு அப்பால் இருந்து வாட்ஸ்அப்பில் படம் கேட்பார். சிக்னல் வரும் இடத்துக்கு ஏறிப்போய் அனுப்ப வேண்டும். வழக்குப் போடுவதானால் அந்த நாட்டில் போட வேண்டும்.

புறனடை

நட வேண்டாம் என்பது இந்நூலின் கருத்தன்று. முதல் மூன்று வகை மலைக்கும், முப்பதை நெருங்கி உதிர்வு நிதானப்பட்டவருக்கும், நல்ல கையில் நடவு பலன் தரும். இருபத்திரண்டு வயதில் மலையின் எல்லை எதுவென்று மலைக்கே தெரியாது; அப்போது நடுவது வீண். இருப்பதைக் காக்க மருந்தும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கென வந்த மினொக்சிடில், முடி வளர்ப்பதைக் கண்டு 1988 இல் அமெரிக்காவில் தலைக்கு அனுமதிக்கப்பட்டது. பினாஸ்டரைட் 1997 இல் தலைமுடிக்கென அனுமதி பெற்றது. இரண்டுக்கும் பக்கவிளைவு உண்டு. வைத்தியர் சொல்லாமல் தொடலாகாது.

போகிறவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். குழியைத் தோண்டுவது யார் கை? என் பிடரியில் எத்தனை எடுத்து எத்தனை மிச்சம் வைப்பீர்கள்? நான் பதுளைக்குத் திரும்பியபின் என் தலையை யார் பார்ப்பார்? மூன்றுக்கும் பெயரோடும் எண்ணோடும் பதில் வராத இடத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால், தன் மலை எந்த வகை என்று அறிய ஒரு நாள் காலையில் பதுளை பெரியாஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்காருங்கள். பாதி நாள் போகும். அரைப்பேர்தான் நட்டம்.