வியர்வை இலக்கணம்

வியர்வையாவது, 37 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டிய உடம்பு சூடு மிகும்போது வெளியே விடும் நீர். ஆணையிடுவது மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸ். சுரப்பது தோலில் உள்ள 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுரப்பிகள்.

அது வெயில் வியர்வை, பய வியர்வை, மிளகாய் வியர்வை, காய்ச்சல் வியர்வை என நால்வகைப்படும். நாற்றத்தை ஐந்தாவதாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது, சுரக்கும்போது வியர்வைக்கு வாடையில்லை, பிறகு நடப்பது அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாவின் கைவரிசை.

வெயில் வியர்வை உலர்வதும் ஒழுகுவதும் என இரண்டாம். உலர்வதே வியர்வை, மற்றது வெறும் உப்புத்தண்ணீர். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போகும். அதே லிட்டர் முதுகில் வழிந்து இறங்கினால் போவது சட்டையின் கஞ்சிதான். மதுரையில் 40 டிகிரியைத் தாங்கியவர் சென்னையில் 35-க்கே திணறுவது இதனால்: கடலோர ஈரக்காற்று வியர்வையை உலர விடுவதில்லை. 'நல்லா வேர்த்தா உடம்புக்கு நல்லது' என்பார் கூற்று இங்கே தள்ளப்பட்டது.

அற்றேல், உலர்ந்தால் எவ்வளவு சூட்டையும் தாங்குமோ எனின், 1774-ல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் கொதிநீரை விடச் சூடான அறைக்குள் போய் நலமாகத் திரும்பினார். உள்ளே வைத்த மாட்டிறைச்சி வெந்துவிட்டது. ஆனால் அது உலர்காற்று. அவர் நின்றதும் சில நிமிடமே.

பய வியர்வை ஏசி அறையிலும் உள்ளங்கையில் வரும், பெரும்பாலும் நேர்முகத் தேர்வில் கைகுலுக்கும் நேரம் பார்த்து. மிளகாய் வியர்வை ஏமாந்த வியர்வை. சுமார் 43 டிகிரிக்கு மேல் விழிக்கும் சூட்டுணர்வியை மிளகாயின் காப்சைசின் சும்மாவே எழுப்பிவிடுகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வத்தக்குழம்புக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்த நமக்கு ஒன்றும் இல்லை.

காய்ச்சலில் மூளையே இலக்கை உயர்த்திவிடும்; அதனால்தான் கொதிக்கும் உடம்புக்குக் குளிர் நடுக்கமும் போர்வையும். இலக்கு இறங்கியதும் வியர்த்துக் கொட்டும். 'வேர்த்துடுச்சு, இனி விட்டுரும்' என்பது பாட்டிமார் சூத்திரம். மாத்திரையால் இறங்கியதாயின் மறுபடி ஏறவும் கூடும் என்க.

புறனடை ஒன்று: உடம்பு சில்லிட்டிருக்க வியர்ப்பது. சர்க்கரை நோயாளிக்கு வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவோடு இருந்தால் உடனே இனிப்பு கொடுங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வந்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.